மொஸ்கோ கண்ட இசைப் போட்டி



இசைக்கு எல்லை இல்லை என்கிறோம். ஆயினும் போட்டிக்குரிய பணத்தை அரசாங்கம் கொடுக்கும்போது, அரங்கின் முன்வரிசையில் அரசியலும் வந்து அமர்ந்துவிடுகிறது. 1958ஆம் ஆண்டு மொஸ்கோவில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம்.

அதற்கு முந்திய ஒக்டோபரிலேதான் ஸ்பூட்னிக் விண்ணேறியது. விஞ்ஞானத்தில் அமெரிக்காவை முந்திவிட்டதாக மார்தட்டிய சோவியத் அரசு, கலையிலும் தானே முதன்மை என்று காட்டச் சாய்கோவ்ஸ்கியின் பெயரால் சர்வதேசப் போட்டியொன்றைக் கூட்டிற்று. வயலினில் முதற்பரிசு சோவியத் கலைஞர் கிளிமோவுக்கே கிடைத்தது. பியானோவிலோ? டெக்சஸில் வளர்ந்த வான் கிளைபர்ன் என்னும் 23 வயது நெடிய இளைஞர் வாசித்து முடித்தபோது, மொஸ்கோ மக்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர்!

எமில் கிலெல்ஸ் தலைமையிலான நடுவர்கள் தயங்கினர். பகைநாட்டவருக்குப் பரிசளிக்கலாமா என்று குருஷேவிடமே கேட்கப்பட்டதாம். அவர்தாம் சிறந்தவரென்றால் அவருக்கே கொடுங்கள் என்று குருஷேவ் சொன்னதாகக் கூறுவர்.

பரிசு அமெரிக்கருக்குப் போயிற்று. பெருமை யாருக்குப் போயிற்று? போரில் வென்ற தளபதியை வரவேற்பதுபோல் நியூயோர்க் நகரம் காகித மழை பொழிந்து அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்றது. சோவியத் நாட்டிற்கோ, பகைவருக்கும் நீதி வழங்கும் நாடு என்ற பெயர் வாய்த்தது. சொந்த நாட்டவருக்கே பரிசைக் கொடுத்திருந்தால் அப்பெயர் வாய்த்திருக்குமா? இதிலொரு வேடிக்கையும் உண்டு. கிளைபர்னுக்குக் கற்பித்த ரொசினா லெவீன் அம்மையார் மொஸ்கோ இசைக்கல்லூரியிலே பயின்றவர். அமெரிக்கா கொண்டாடியது ருஷியப் பயிற்சியின் கனியை! ஊர்வலத்தின் ஆரவாரத்தில் இதை நினைக்க எவருக்கு நேரம்?

இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் சீனத்து லியூ ஷிகுன். அன்று நாட்டிற்குப் புகழ் தேடித் தந்த அவரைக் கலாசாரப் புரட்சியின்போது அதே நாடு ஆண்டுக்கணக்கில் சிறையிலே அடைத்தது. கலைஞரை ஆபரணமாக அணியும் அரசு, வேண்டாதபோது கழற்றி எறியவும் தயங்குவதில்லை.

2022இல் ருஷியா உக்ரேன்மீது படையெடுத்தது. அவ்வாண்டு ஏப்ரிலில் சர்வதேச இசைப் போட்டிகளின் உலக சம்மேளனம் சாய்கோவ்ஸ்கிப் போட்டியை உறுப்புரிமையிலிருந்து நீக்கிற்று. ஆயினும் ருஷியர் என்ற ஒரே காரணத்துக்காகத் தனிக் கலைஞரை ஒதுக்குதல் ஆகாது என்பதும் அச்சம்மேளனத்தின் நிலைப்பாடே. அரசின் குற்றத்தையும் வயலின் ஏந்திய இளைஞனையும் வேறுபடுத்திப் பார்த்த அத்தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். 2023இல் போட்டி அந்த அங்கீகாரமின்றியே மறுபடியும் நடந்தது.