ஓரெழுத்துப் பிழை

நமது உடற்கலத்தின் கருவிலே பரம்பரைச் செய்தியானது டி.என்.ஏ. என்னும் மூல ஏடாக விளங்குகின்றது. அம்மூலம் கருவை விட்டு வெளியேறுவதில்லை. அதன் படியாகிய ஆர்.என்.ஏ.யே வெளிச்செல்கின்றது. தூது ஆர்.என்.ஏ. செய்தியைச் சுமக்கும், இடமாற்று ஆர்.என்.ஏ. அமினோவமிலங்களைக் கொணரும், இறைபோசோம் ஆர்.என்.ஏ. அவற்றைப் புரதமாகக் கோக்கும்.

ஆயினும், தூதின் முதற்படி அப்படியே வெளிச்செல்வதன்று. இடையிடையே வேண்டாத பகுதிகள் உள. கலம் அவற்றை வெட்டியகற்றி, எஞ்சியவற்றை ஒட்டுகின்றது. இவ்வுண்மையை 1977ஆம் ஆண்டில் பிலிப் சார்ப், ரிச்சர்ட் ரொபேட்ஸ் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் கண்டறிந்தன. 1993இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

வெட்டியெறியும் பகுதிதானே, அதிற் பிழை நேர்ந்தால் என்ன என்று கேட்கலாம். குருதியிலுள்ள ஈமோகுளோபினுக்குரிய செய்தியில், அப்பகுதியில் ஓரெழுத்து மாறினும் வெட்டுமிடம் தவறிவிடக் கூடும். இலங்கையில் தலசீமியா நோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது இத்தகைய மாற்றமே. பெற்றோர் இருவரும் இக்குறையைக் காவுவோராயின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1 ஆகும். கடுமையாக நோயுற்ற பிள்ளை காலமெல்லாம் பிறர் குருதியை ஏற்றே வாழ நேரும். மணத்துக்கு முன் செய்யும் இரத்தப் பரிசோதனை இதனை அறிவித்துவிடும். சாதகம் பார்க்கும் நாம் இதனையும் பார்ப்போமாக.