பிறபொருளெதிரிக்கும் சாட்சி வேண்டும்

2017இன் தொடக்கத்தில் டெங்கு கிண்ணியாவை உலுக்கியபோது, பிறபொருளெதிரி என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள்கூட அதன் வேலையைக் கண்டார்கள். வைரசின் என்எஸ்1 புரதத்தைப் பிடித்துச் சோதனைப் பட்டியில் கோடு காட்டுவது அதுதான். அந்தக் கோட்டுக்கு ஒரு மதிப்பு உண்டென்றால், டெங்கு இல்லாதவர்களின் குருதியில் அது தோன்றுகிறதா என்றும் முன்கூட்டியே பார்த்திருக்கிறார்கள் என்பதால்தான். ஆய்வுக்கென விற்கப்படும் பிறபொருளெதிரிகள் பலவற்றில் இந்த இரண்டாவது பாதி நடப்பதே இல்லை. இன்றைய அரங்கின் பொருளான பொற்றாசியக் கால்வாய்ப் புரதங்களில் அந்தக் குறை பெரிய ஆபத்து என்பதே என் வாதம்.

மனிதனில் இக்கால்வாய்களுக்கான பரம்பரையலகுகள் 70க்கும் மேல். கேவி1.1, கேவி1.2 போன்ற நெருங்கிய உறவுகளில் மென்சவ்வுக்குள் புதைந்த பகுதி ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு வாற்பகுதியில் என்பதால், அங்கிருந்து ஒரு சிறு பெப்டைட்டை எடுத்து முயலுக்கு ஏற்றிப் பிறபொருளெதிரியைப் பெறுகிறார்கள். அது அந்தப் பெப்டைட்டைப் பிடிக்கும், சரி. மூளை இழையத்தின் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே எதைப் பிடிக்கும்? வெஸ்டர்ன் பிளொட்டில் நிறையைப் பார்த்து முடிவுசெய்யவும் இயலாது. கேவி1.2 தன் அமினோ அமில வரிசைப்படி ஏறத்தாழ 57 கிலோடால்டன். சர்க்கரை ஏறிய முதிர்ந்த வடிவமோ அதற்கு வெகு மேலே நிற்கும். ஆகவே எதிர்பார்த்த இடத்தில் வந்த பட்டை பிழையாகவும், எதிர்பாராத இடத்தில் வந்தது சரியாகவும் இருக்கலாம்.

மருத்துவத்திலும் இந்தக் குழப்பம் நேர்ந்தது. மூளையழற்சி நோயாளர் சிலரின் குருதியில் பொற்றாசியக் கால்வாய்க்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பதாக ஆண்டுக்கணக்கில் அறிக்கை எழுதப்பட்டது. மாம்பா பாம்பின் நஞ்சிலிருந்து பெற்ற டென்ட்ரோடொக்சினைக் கதிரியக்க அயடீனால் குறியிட்டு, மூளையிலிருந்து பிரித்த கால்வாயில் ஒட்டவைப்பார்கள். நோயாளரின் சீரம் அதை வீழ்படிவாக்கினால் விடை நேர். பிரித்தெடுக்கப் பயன்பட்ட சலவைப்பொருள் மென்மையானது. கால்வாயோடு ஒட்டிய அயல் புரதங்களும் சேர்ந்தே வந்தன. பெரும்பாலானோரில் உண்மையான இலக்கு எல்ஜிஐ1, காஸ்பர்2 என்ற அந்த அயல் புரதங்களே என்பது 2010இல்தான் தெளிவானது. கருவி சரியாகவே அளந்தது, பெயர்தான் தவறாக ஒட்டப்பட்டது.

உற்பத்தியாளர் சோதித்துத்தானே விற்கிறார் என்பார்கள். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, 65 நரம்பியற் புரதங்களுக்கென விற்கப்பட்ட 614 பிறபொருளெதிரிகளை, அப்புரதம் உள்ள கலங்களிலும் அதன் பரம்பரையலகு நீக்கப்பட்ட கலங்களிலும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தது. தேறாதவை ஏராளம், அவற்றை நம்பி எழுதிய கட்டுரைகளும் ஏராளம். முடிவைக் கண்ட நிறுவனங்களே சிலவற்றை விற்பனையிலிருந்து விலக்கின. மூல பெப்டைட்டைக் கலந்தபோது பட்டை மறைந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். கேட்க வலுவானது, ஆனால் ஏமாற்றுவது. பெப்டைட் பிறபொருளெதிரியின் கையையே நிரப்பிவிடுகிறது. அந்தக் கை தவறான புரதத்தைப் பற்றியிருந்தாலும் பட்டை மறையத்தான் செய்யும்.

நியாயமான தடை ஒன்றுதான்: பரம்பரையலகு நீக்கிய எலிக்கு நம்மிடம் பணமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேவி1.1ஐயும் கேவி1.2ஐயும் தனித்தனியே வெளிப்படுத்தும் வளர்ப்புக் கலங்களையும் எதுவும் ஏற்றாத கலங்களையும் ஒரே ஜெல்லில் அடுத்தடுத்து ஓட்டுவதற்குப் பெருஞ்செலவில்லை. அந்த வசதியும் இல்லாதவர் வேறு பல்கலைக்கழகத்திடம் சாறு கேட்டு வாங்கலாம். அதே புரதத்தின் வேறொரு பகுதியைப் பிடிக்கும் இரண்டாவது பிறபொருளெதிரி அதே விடையைத் தருகிறதா என்றும் பார்க்கலாம். இழையத் துண்டில் பயன்படுத்துவதென்றால் துண்டிலேயே மறுபடி சோதிக்க வேண்டும். பிளொட்டில் தேறியது அங்கே தேறும் என்ற உறுதி கிடையாது.

முதல் அமர்வில் படங்களைக் காட்டவிருக்கும் ஆய்வாளர்கள், எதிர்மறைக் கட்டுப்பாட்டு நிரலை வெட்டிவிடாமல் முழு பிளொட்டையும் திரையில் இடுமாறு கேட்டு, இவ்வரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.