கோலாரில் சூரிய தரிசனம்

(அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். எங்கள் வீடு இருக்கிறது. அதன் மொட்டை மாடியில் தினமும் காலையில் 60 மி.மீ. டெலஸ்கோப்பில் சூரியனைப் பார்க்கிறேன். நேராக அல்ல! ஃபைண்டரை மூடிவிட்டு, பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழச்செய்து, கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறிக்கிறேன். நாலைந்து நாள் தாள்களைச் சேர்த்து வைத்தால் புள்ளிகள் நகர்ந்திருப்பது தெரியும். நமக்குத் தெரிகிறபடி சூரியன் ஒரு முறை சுற்ற ஏறக்குறைய 27 நாள்.

ஆரம்பத்தில், கூடவே வந்த கறுப்புக் கண்ணாடியை ஐபீஸில் திருகித்தான் பார்த்தேன். ஒருநாள் பேரன் கண் வைக்க வருகிற நேரம், சூட்டில் அது 'பட்'டென்று விரிசல் விட்டது. நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. ஃபில்டர் மூட வேண்டியது முன்பக்கத்துப் பெரிய லென்ஸை. போட்டோ எடுத்தாலும் அப்படியே.

விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் காண ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர் வேண்டும். என் பென்ஷனுக்குக் கட்டாது. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தன்று குண்டூரில் அவற்றைக் கண்ட ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரர், மறுநாள் கிரகணமில்லாமலே ஸ்பெக்ட்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார்!

விரிசல் விட்ட அந்தக் கண்ணாடியை மேஜைமேல் வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.