எது பெரிய புதுமை?

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நடைபெற்ற பட்டிமன்றத்தில் நடுவர் ஆற்றிய முடிவுரையின் எழுத்து வடிவம்)



பட்டிமன்றம் என்றால் கணவனா மனைவியா, கண்ணகியா மாதவியா என்றுதான் தலைப்பு வைப்பது வழக்கம். இந்த முறை கணிப்பொறித் துறைப் பிள்ளைகள் தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். "இ.சி.ஐ.எல். நிறுவனத்தின் தலைசிறந்த புதுமை எது? கம்ப்யூட்டரா, டெலிவிஷனா, ஓட்டு மெஷினா?" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என்னை நடுவர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். புதுமை என்றாலே ஐ.பி.எம்., ஆப்பிள் என்று அமெரிக்காவுக்குப் பறக்காமல் நம் நாட்டுக் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொண்டார்களே, அதற்கே ஒரு சபாஷ்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்பது 1967-இல் ஹைதராபாத்தில், அணுசக்தித் துறையின் கீழ் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். அதைக் கட்டி எழுப்பியவர் ஏ.எஸ். ராவ். அணு உலைக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளை நாமே செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஆரம்ப நோக்கம். அங்கிருந்துதான் மற்றதெல்லாம் கிளைவிட்டது.

முதல் அணி கம்ப்யூட்டருக்காக வாதாடியது. 1969-இல் வந்த டி.டி.சி.-12, அதாவது டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர், 12 பிட் இயந்திரம். டிராம்பேயில் வடிவமைத்து, இ.சி.ஐ.எல். தயாரித்தது. அதன் பிறகு 16 பிட்டில் டி.டி.சி.-316 வந்தது. "1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனபோது நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லையே, ஏன்? கம்ப்யூட்டர் செய்யத் தெரிந்தவர்கள் நாட்டில் இருந்தார்கள். அந்தத் தெரிந்ததுதான் ஐயா புதுமை!" என்று அந்த அணித் தலைவி மேஜையைத் தட்டியபோது எனக்கே கை தட்டத் தோன்றியது. நடுவர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது அணி டெலிவிஷன். வால்வு இல்லாமல் முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடிய இ.சி. டி.வி.யைப் பற்றிப் பேசினார்கள். தெருவுக்கு ஒரு டி.வி. இருந்த காலத்தை நினைவூட்டினார்கள். மொட்டைமாடியில் ஒருத்தன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து "வந்துடுச்சு... போயிடுச்சு..." என்று வீடே கத்தியதைச் சொன்னபோது அரங்கம் சிரித்துத் தீர்த்தது. சிரிப்புக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் டெலிவிஷன் என்ற பொருள் ஏற்கெனவே உலகத்தில் இருந்தது. அதை நன்றாகச் செய்தார்கள், சந்தோஷம். புதுமைப் போட்டியில் அந்த அணியை மூன்றாம் இடத்தில்தான் வைக்க முடிகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது அணி ஓட்டு மெஷின். இங்கேதான் நம்ம ஊர் உள்ளே வருகிறது. 1977-இல் தேர்தல் ஆணையத்தில் எழுந்த யோசனை இது. மாதிரி இயந்திரம் செய்யச் சொல்லி இ.சி.ஐ.எல். நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 1979-இல் மாதிரி தயாரானது. பிறகு பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்துகொண்டது. அங்கே அந்த வேலையில் முன்நின்றவர் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜன், நம் எல்லாருக்கும் தெரிந்த எழுத்தாளர் சுஜாதா. அவர் படித்தது ஜோசப் காலேஜில். நம் கல்லூரியில் படிக்கவில்லை. அது அவருடைய நஷ்டமா நம்முடைய நஷ்டமா என்று அடுத்த வருஷம் ஒரு பட்டிமன்றம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மெஷின் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1982 மே மாதம் கேரளத்தில் பரவூர் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் முதன்முதலாக வைத்தார்கள். தோற்ற வேட்பாளர் வழக்குப் போட்டார். சட்டத்தில் வாக்குச்சீட்டு என்றுதான் இருக்கிறது, இயந்திரம் என்று எங்கேயும் இல்லையே என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவடிகளின் தேர்தலையே ரத்து செய்தது. மெஷின் சரியாகத்தான் எண்ணியது, சட்டம்தான் தயாராக இல்லை. 1988-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாடு முழுவதும் சட்டமன்றத் தேர்தலுக்கு மெஷின் வந்தது 2001-இல். நாடு முழுவதும் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வந்தது 2004-இல். மாதிரி செய்ததற்கும் ஊருக்கு வந்ததற்கும் நடுவில் இருபது வருஷத்துக்கு மேல். புதிதாக எதையாவது செய்துவிட்டு மறுநாளே மாலை விழும் என்று எதிர்பார்க்கிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளவும்.

முதல் அணி விடவில்லை. "அந்த மெஷினுக்குள் இருக்கும் சில்லு வெளிநாட்டில் செய்தது. இதில் நம் பெருமை எங்கே?" என்று மடக்கினார்கள். நல்ல அடி. ஆனால் பெருமை சில்லில் இல்லை என்று நினைக்கிறேன். பெருமை, எதை வைக்க வேண்டாம் என்று முடிவு செய்ததில் இருக்கிறது. கரன்ட் வேண்டாம், பேட்டரி போதும். வேறு எந்த மெஷினோடும் தொடர்பு வேண்டாம். தேர்தல் அதிகாரி தன் பெட்டியில் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்தவர் ஓட்டுப் போட முடியும். ஆகவே சாவடியைக் கைப்பற்றினவன்கூட ஒரே மூச்சில் கட்டுக் கட்டாகக் குத்தித் தள்ள முடியாது. கரன்ட் இல்லாத கிராமத்தையும் ரவுடியையும் மனதில் வைத்துக்கொண்டு யோசித்த வடிவமைப்பு இது.

அதற்கும் எல்லை உண்டு. அந்தக் காலத்து மெஷினில் அதிகபட்சம் 64 வேட்பாளர்கள்தான். 1996-இல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்களே, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்களே, அங்கே இந்த மெஷினும் கையைத் தூக்கியிருக்கும்!

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. நடுவர் சொந்தக் கதை சொல்லக் கூடாதுதான். ஆனால் இதைச் சொல்லாமல் தீர்ப்புச் சொன்னால் அது நேர்மையாகாது.

எண்பதுகளில் ஒரு தேர்தல். இதே திருச்சியில் வாக்கு எண்ணிக்கை. ராத்திரி மூன்று மணி இருக்கும். டீ குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போயிருந்தது. ஒரு சீட்டை விரிக்கிறேன். ஸ்டாம்ப் இரண்டு சின்னத்துக்கும் நடுவில், கோட்டின் மேல் விழுந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதல். சந்தேகம் வந்தால் அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது விதி. அவர் மேஜை ஹாலின் அந்தக் கோடியில். தூக்கக் கலக்கம். எழுந்து போகச் சோம்பல். செல்லாத ஓட்டுக் கட்டில் வைத்துவிட்டேன்.

அந்த ஒரு ஓட்டால் யாரும் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. ஆனால் அது யாருடைய ஓட்டு? நாத்து நடுகிற வேலையை அரை நாள் விட்டுவிட்டு, வெயிலில் வரிசையில் நின்று, நடுங்குகிற கையால் குத்திவிட்டுப் போன ஒரு அம்மாவுடையதாக இருக்கலாம். தன் ஓட்டு எண்ணப்பட்டது என்றுதான் அவர் கடைசி வரை நினைத்திருப்பார். எனக்குத்தான் தெரியும். வீட்டில்கூட நான் இதைச் சொன்னதில்லை.

2001-இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சாவடியில் எனக்குத் தேர்தல் வேலை. ஒரு பாட்டி வந்தார். பொத்தானை அழுத்தினார், 'பீப்' என்று சத்தம் வந்தது. வெளியே போகும்போது என்னிடம் நின்று, "தம்பி, இது செல்லுமோன்னோ?" என்று கேட்டார். "செல்லும் பாட்டி" என்றேன். அந்த நாலு எழுத்தைச் சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பாட்டிக்குத் தெரியாது.

ஆகவே என் தீர்ப்பு ஓட்டு மெஷினுக்குத்தான் என்று முடித்துவிட்டு இறங்கியிருப்பேன். ஆனால் கேள்வி நேரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாளே ஒரு கேள்வி! "ஐயா, சீட்டு இருந்த காலத்தில் தப்பு நடந்தால் கண்ணால் பார்க்கலாம். மெஷினுக்குள் நடப்பதை யார் பார்ப்பது?" சிலர் அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னீர்கள். அது சரியில்லை. ஜெர்மனியில் 2009-இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டுத்தான், சாதாரணக் குடிமகன் சரிபார்க்க முடியாத ஓட்டு மெஷின் கூடாது என்றது.

இங்கேயும் கேட்டார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் காகிதச் சான்று அவசியம் என்று சொன்னது. அதே வருஷம் நாகாலாந்தில் நோக்சென் இடைத்தேர்தலில் அந்தக் காகிதச் சீட்டு மெஷின் முதன்முதலாக வந்தது. 2019-இல் நாடு முழுவதும் வந்தது. நாம் அழுத்திய சின்னம் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டியில் விழும். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளில் அந்தச் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற வழக்கை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சரியா தவறா என்று நீங்கள் விவாதிக்கலாம், விவாதிக்கத்தான் வேண்டும். ஒன்று மட்டும் நிச்சயம். அந்தச் சீட்டு மெஷினைச் செய்வதும் இதே இரண்டு கம்பெனிகள்தான். ஊர் கேட்ட கேள்விக்காகத் தன் பழைய மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியை வைக்க வேண்டியிருந்தது.

எனவே தீர்ப்பு. கம்ப்யூட்டர் அணி சொன்னது உண்மை. செய்யக் கற்றுக்கொண்டதால்தான் பிற்பாடு எல்லாம் வந்தது. அது வேர். ஆனால் டி.டி.சி.-12-ஐத் தொட்டவர்கள் சில விஞ்ஞானிகள், சில பேராசிரியர்கள். ஓட்டு மெஷினைக் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் தொட்டார்கள், அவர்கள் ஓட்டும் எண்ணப்பட்டது. ஆகவே பெரிய புதுமை ஓட்டு மெஷின்தான். ஒரு நிபந்தனையோடு. அந்த மாணவி கேட்ட கேள்வியை யாராவது ஒருவர் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டால் எழுந்து போய்ப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். சோம்பலில் கட்டோடு சேர்த்து வைத்துவிடக் கூடாது. அதன் வலி எனக்குத் தெரியும்.

பேசிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பாராட்டு. கேள்வி கேட்ட பெண்ணுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு புத்தகம் பரிசு; சுஜாதா புத்தகமாகவே இருக்கட்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மணி ஒன்றாகிவிட்டது, பந்தியில் இலை போட்டுவிட்டார்கள்.