கடைசி வீட்டுக்கு வரும் மின்சாரம்



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசியோர் அதனை நன்றாகவே பேசிவிட்டனர். ஆதலின் நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட விரும்புகிறேன். நான் பி.ஏ. படித்தவன், அறிவியல் ஆசிரியன் அல்லன். எனினும் இக்கணக்கிற்குப் பெருக்கலும் வகுத்தலும், ஓரிடத்தில் வர்க்கமூலமும் தெரிந்தால் போதும்.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரச் சிற்றூர்களில் ஊரை விட்டுத் தள்ளி அமைந்த நம் காலனிகளை எண்ணிப் பாருங்கள். மின்மாற்றி ஊருக்குள் நின்றால், கம்பியின் கடைசி வீடு நம்முடையதாகிவிடுகிறது. பிள்ளைகள் படிக்க அமரும் மாலை வேளையில் மின்விசிறி தளர்ந்து சுழல்கிறது. 'கரண்டு குறைவு' என்று சொல்லிவிட்டுப் பேசாதிருக்கிறோம். குறைவது கரண்டு அன்று, மின்னழுத்தம். இவ்வேறுபாட்டை அறிவதே முதற்படி.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாயில் நீர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரத்தால் நீருக்கு வரும் அழுத்தம் போன்றது மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். ஓடும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். குழாயின் ஒடுக்கம் போன்றது மின்தடை. அதன் அலகு ஓம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது மின்திறன், கிடைக்கும். 1000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவானால் 1 யூனிட்.

இவ்விதியை 1827-இல் நூலாக வெளியிட்ட செருமானியர் கியார்க் சைமன் ஓம், ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். தந்தையே அவருக்குக் கணக்குக் கற்பித்தார். கோலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபடியே அவர் ஆய்வு செய்தார். அவர் நாட்டு அறிஞர்கள் முதலில் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. 1841-இல் இலண்டன் இராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

இனி நம் கணக்கு. 230 வோல்ட், 1000 வாட் என்று எழுதிய மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் மின்தடை ஏறத்தாழ 53 ஓம். கடைசி வீட்டில் 180 வோல்ட்தான் வருகிறது என்று கொள்வோம். 180-ஐ 53-ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர், 180-ஐ 3.4-ஆல் பெருக்கினால் 612 வாட். அழுத்தம் குறைந்தது 22 விழுக்காடு. திறன் குறைந்ததோ 39 விழுக்காடு! அழுத்தம் குறையும்போது ஓட்டமும் உடன் குறைவதால் இழப்பு இரட்டிப்பாகிறது.

அந்த 50 வோல்ட் எங்கே போயிற்று? கம்பிக்கும் மின்தடை உண்டு. மின்மாற்றியிலிருந்து அரைக் கிலோமீட்டர் வரும் மெல்லிய கம்பிக்கு, போகவும் வரவும் சேர்த்து 1 ஓம் தடை இருக்கலாம். எல்லா வீடுகளுக்குமாக அதில் 50 ஆம்பியர் ஓடினால், 50-ஐ 1-ஆல் பெருக்க, 50 வோல்ட் கம்பியிலேயே விழுந்துவிடும். 2500 வாட் திறன் கம்பியைச் சூடாக்குவதில் வீணாகிறது. நள்ளிரவில் மின்விசிறி விரைந்து சுழல்வதன் காரணமும் இதுவே. அப்போது ஓட்டம் குறைவு.

1956-ஆம் ஆண்டின் இந்திய மின் விதிகள், வீட்டு இணைப்பின் அழுத்தம் குறித்த அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் மாறலாகாது என்றன. அக்கணக்குப்படி 216 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதாவது கம்பியில் 14 வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது. 14-ஐ 50-ஆல் வகுத்தால் 0.28 ஓம். கம்பியின் தடையைக் கால் பங்களவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. காலனிக்கு அருகிலேயே ஒரு மின்மாற்றி வைப்பதுதான் அதற்கு நேரான வழி.

வீட்டில் வரும் அழுத்தத்தை, கம்பியைத் தொடாமலே கணக்கிட ஒரு வழி உண்டு. மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருப்பர். அது 3200 என்று கொள்வோம். மற்றவற்றையெல்லாம் அணைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடுங்கள். பெட்டியின் அடையாள விளக்கு எரியும்போது ஒரு நிமிடம் எண்ணுங்கள். 33 சிமிட்டல் வந்தால், மணிக்கு 1980. அதை 3200-ஆல் வகுக்க 0.619, அதாவது 619 வாட். 619-ஐ 53-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 181 வோல்ட். முழு அழுத்தம் இருந்தால் 53 சிமிட்டல் வந்திருக்கும்.

பழைய குண்டு பல்பைக் கொண்டு இச்சோதனை செய்யாதீர்கள். அதன் இழையின் தடை, சூட்டுக்கேற்பப் பெரிதும் மாறும். இஸ்திரிப் பெட்டியின் நிக்ரோம் கம்பியில் அம்மாற்றம் சிறிது. சத்திரப்பட்டி விசைத்தறியில் ஓடும் மோட்டார்களுக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அங்குத் திறன் காரணி என்ற ஒன்றையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் தம்பிகள் அதனை விளக்குவார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மின்சாரம் அவர் பொறுப்பில் இருந்தது. மலிவாகவும் நிறைவாகவும் மின்சாரம் கிடைக்காமல் இந்தியாவின் தொழில்மயமாக்கம் நிறைவேறாது என்பதை அவர் 1943-லேயே மின்சக்திக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அரசியல் சட்டம் தந்தவராக மட்டும் அவரை அறிந்த நம் இளைஞர்கள் இப்பணியையும் தேடிப் படிக்க வேண்டும்.

மனு எழுதும்போது 'மின்சாரம் சரியில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். நாள், நேரம், சிமிட்டல் எண்ணிக்கை, கணக்கிட்ட வோல்ட், மின்மாற்றியிலிருந்து எத்தனையாவது கம்பம் ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு அட்டவணையாக்கி, நள்ளிரவு அளவையும் உடன் எழுதுங்கள். பத்து வீட்டார் கையொப்பமிட்டுப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பயன் இல்லையெனில் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அமைந்த மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் உள்ளனர். அங்கும் இதே அட்டவணையைக் கொண்டு செல்லுங்கள்.