மாணவர் மலர் தந்த பயிற்சி

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், தமிழைப் பள்ளியில் பயில வாய்ப்பில்லாத பிள்ளைகள் பலர். மும்பையில் அத்தகைய பிள்ளைகள் சிலருடன் சேர்ந்து, 16 பக்கங்களில் மாணவர் மலர் ஒன்றைத் தயாரித்தோம்.

நடுவில் தைக்கும் இதழுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக அமைய வேண்டும் என்பது முதற்பாடம். திரையில் தெளிவாகத் தோன்றும் படம் அச்சில் மங்கக்கூடும். நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். ஆகவே, 1,200 புள்ளி அகலமுள்ள படத்தை 4 அங்குலத்திற்கு மேல் விரித்தால் கூர்மை குறையும். இவற்றையெல்லாம், 1996இல் வெளிவந்த 'கிம்ப்' என்னும் விலையில்லா மென்பொருளைக் கொண்டே பிள்ளைகள் பழகினார்கள்.

குழுப்படம் ஒன்று ஒரு பத்தியின் அகலத்தில் அடங்கவில்லை. ஓரத்தை வெட்டினோம். மெய்ப்புப் பார்க்கையில் ஒரு சிறுமி, "எங்கள் அம்மா எங்கே?" என்று கேட்டாள். வெட்டுண்டவர், அன்று எங்கள் அனைவருக்கும் சமைத்துப் பரிமாறிய அவளுடைய தாயார். நாங்கள் நாணினோம். கட்டுரையில் பத்து வரிகளைக் குறைத்து, இரண்டு பத்தி அகலத்தில் முழுப் படத்தையும் இட்டோம். படத்தின் வெளிச்சத்தைச் சீர்செய்யலாம். அங்கு நின்றவரை நீக்குவது முறையன்று என்பதை அன்று கற்றோம்.

படத்தின் கீழே தாயாரின் பெயரை அச்சிறுமியே தமிழில் எழுத்துக்கூட்டிப் பதித்தாள். அதுவரை அப்பெயரை அவள் தமிழில் எழுதியதே இல்லையாம்.

நேயர்களே, உங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டும் இத்தகைய மலரொன்றைத் தொடங்கிப் பாருங்கள். நான்கு பக்கங்களே போதும்.