முள்ளந்தண்டு ஊசியை மறந்துவிடாதேங்கோ



நான் டொக்டர் இல்லை. இந்த லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான அம்மாவைப் பார்க்கிற வேலை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போய்ப் போய்ச் சில விஷயங்கள் படித்திருக்கிறன்.

ஊரில் சிசேரியன் செய்து வந்த எங்கட பிள்ளை ஒருத்திக்குத் தலையிடி. "முள்ளந்தண்டில் ஊசி போட்டதா? எப்ப, எங்க?" என்று இங்கத்தை டொக்டர் கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் அது சாதாரணத் தலையிடிதான். ஆனால் ஏன் அப்படிக் கேட்டவர் என்று பிறகுதான் விளங்கியது.

2005இல் கொழும்பில் சிசேரியனுக்காக முள்ளந்தண்டில் விறைப்பூசி போட்ட ஐந்து தாய்மாருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. காரணம் அஸ்பேர்ஜிலஸ் என்ற பூஞ்சணம். மூன்று பேர் இறந்துபோனார்கள். சந்தேகம் சிறிஞ்சுகளில் விழுந்தது. சுனாமிக்குப் பிறகு குவிந்த பொருட்கள் ஈரலிப்பான இடத்தில் கிடந்தது காரணமாயிருக்கலாம் என்று வைத்தியர்கள் எழுதினார்கள். ஏழை நாட்டுக் கதை என்று நினையாதேங்கோ. 2012இல் அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஊசிமருந்தால் 750 பேருக்கு மேல் நோயாகி, 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்த நோய் உடனே வராது. நாட்கள், கிழமைகள் கழித்துத் தலையிடி, காய்ச்சல், கழுத்து விறைப்பு, சத்தி, தடுமாற்றம் என்று வரும். பக்டீரியாவுக்குக் கொடுக்கிற மருந்து பூஞ்சணத்தைக் கொல்லாது. முள்ளந்தண்டு நீரை எடுத்துச் சோதிக்க வேணும். பூஞ்சணம் ஆய்வுகூடத்தில் மெதுவாக வளரும், சிலவேளை வளராமலே விடும். அதனால் அதன் கூறுகளைத் தேடுகிற தனிச் சோதனைகளும் உண்டு. அஸ்பேர்ஜிலஸுக்கு வொரிகொனசோல் என்ற மருந்தை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். நேரத்தோடு தொடங்கினால் பிழைக்க வழி உண்டு. ஆனால் டொக்டருக்குச் சந்தேகம் வந்தால்தானே அதைத் தேடுவார்!

முள்ளந்தண்டு நீர் எடுக்கிறது என்றால் எங்கட ஆக்கள் பயந்து "வேண்டாம்" என்பினம். அப்படிச் சொல்லாதேங்கோ.

இது மிக அரிதான நோய். பயத்தில் ஒருத்தரும் சிசேரியனைத் தள்ளிப்போட வேண்டாம். நான் கேட்கிறது ஒன்றுதான். ஊரிலோ இங்கேயோ சத்திரசிகிச்சை நடந்தால், திகதி, இடம், போட்ட ஊசி மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. டொக்டர் கேட்க முதலே காட்டுங்கோ.